பழைய கதிரை, அலுமாரி, பெட்டகம்: பெயின்ற் வாளி திறக்கமுன் கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு தகரக் கொட்டிலில் பழைய தளபாடம் திருத்துகிறேன். சாமானோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படலையடியில் நின்றபடியே "இதுக்கு என்ன நிறம் அடிச்சால் வடிவாய் இருக்கும்?" என்றுதான் தொடங்குவார்கள். "இது என்ன மரம்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அதற்குப் பதில் தெரியாமல் பூச்சைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் பிடிவாதம். நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

மேலே நாலு பூச்சுக் கிடக்கு. உள்ளே என்ன மரம் எண்டு எப்படி அறியிறது?

கவிழ்த்துப் பாருங்கள். மேசையின் அடிப்பக்கம், அலுமாரியின் முதுகுப் பலகை, லாச்சியின் உட்பக்கம் இவற்றுக்கு அந்தக் காலத்தில் யாரும் பூச்சு வீணாக்கவில்லை. அங்கே மரம் தன் முகத்தோடு இருக்கும்.

வன்னியில் அதிகம் வருவது பாலை, முதிரை, தேக்கு, வேம்பு, பலா. பாலையைத் தூக்கும்போதே தெரியும், இரண்டு பேர் வேண்டும். செங்கபில நிறம், தண்ணீரில் போட்டால் தாழ்கிற பாரம். முதிரை வெளிர் மஞ்சள். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் பட்டுச் சேலை போல அலை ஓடும். தேக்கைத் தடவினால் விரலில் மெல்லிய எண்ணெய்ப் பிசுபிசுப்பு, அளவான பாரம். பலா புதிதில் மஞ்சளாக இருந்து காலம் போகப் போகப் பழுப்பேறும். கருங்காலியில் முழுத் தளபாடம் அருமை. பெரும்பாலும் ஓரப்பட்டியாகவோ குமிழாகவோதான் இருக்கும்.

போன வருடம் ஒரு சாய்மனைக் கதிரை வந்தது. கரும்பச்சை எனமல், கைபிடியில் கொப்புளம் கொப்புளமாய் எழும்பியிருந்தது. கொண்டுவந்த தம்பி வெள்ளை அடிக்கக் கேட்டார். கைபிடியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சுரண்டினேன். பச்சைக்குக் கீழ் நீலம், நீலத்துக்குக் கீழ் மண்நிறம், அதற்கும் கீழ் காய்ந்து கறுத்த பொலிஷ். அதையும் தாண்டிப் போனால் மஞ்சள், அலை அலையாய் முதிரை. தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அப்பப்பா இதிலைதான் படுத்திருப்பார், பச்சை எண்டுதான் எங்களுக்குத் தெரியும்" என்றார். அந்தக் கதிரைக்கு இப்போது பெயின்ற் இல்லை, பொலிஷ் மட்டும்தான்.

அப்ப பெயின்ற் அடிக்கவே கூடாதோ?

அடிக்கலாம். பலகை பலவிதமாகக் கலந்து செய்தது, ஒட்டுப்போட்டது, பிளந்து நிறைய நிரப்பியது, பிற்காலத்து மலிவு மரம் இவற்றுக்கெல்லாம் பெயின்ற்தான் மரியாதை. முதிரை, பாலை, நல்ல தேக்கு என்றால் என் கையால் அடிக்கமாட்டேன். முதிரைக்கு வெள்ளை எனமல் அடிப்பது காஞ்சிபுரச் சேலைக்கு மேல் மழைக்கோட்டுப் போடுகிற கதை.

இன்னொன்று: பாதி வழக்குகளில் பெயின்றும் வேண்டியதில்லை, பொலிஷும் வேண்டியதில்லை. அழுக்குத்தான் பிரச்சினை. இளஞ்சூட்டுத் தண்ணீரில் சவர்க்காரம் கொஞ்சம் கரைத்து, பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அடுப்படியில் நின்ற அலுமாரி என்றால் எண்ணெய்ப்புகை ஏறியிருக்கும், அதற்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி. துடைத்துவிட்டு இரண்டு நாள் பாருங்கள். பிறகு முடிவெடுக்கலாம்.

பழைய பூச்சு என்ன வகை எண்டு கண்டுபிடிக்க வழி இருக்கோ?

மறைவான ஒரு இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பொலிஷ், அதாவது பிரெஞ்ச் பொலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் லக்கர். இரண்டுக்கும் மசியாவிட்டால் எண்ணெய் வார்னிஷ், எனமல், பொலியூரித்தேன் என்று ஏதோ ஒன்று. அரக்குப் பொலிஷ் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். முழுக்கச் சுரண்டத் தேவையில்லை, ஸ்பிரிட்டால் இளக்கி அதன்மேலேயே புதுப்பிக்கலாம்.

பழைய பெயின்றை எப்படி எடுக்கிறது? நெருப்புக் காட்டலாமோ?

வேண்டாம். இலங்கையில் பெயின்றில் ஈயத்துக்குக் கட்டாய எல்லை 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் இருக்கும் என்று எண்ணியே வேலை செய்யுங்கள். நெருப்புக் காட்டினால் அது புகையாக மூச்சுக்குள் போகும். காய்ந்தபடி தேய்த்தால் தூளாகக் குசினி வரைக்கும் பறக்கும். தண்ணீர் தெளித்து ஈரச் சாண்ட் பேப்பரால் தேயுங்கள், அல்லது ரிமூவர் பூசிச் சுரண்டுங்கள். கீழே தறப்பாள் விரித்து, சுரண்டியதை அதோடேயே சுருட்டிக் கட்டுங்கள். பிள்ளைகளும் கோழியும் அந்தப் பக்கம் வரக்கூடாது. கோழி கொத்தினால் முட்டையில் வரும்.

சுரண்டுவதற்கு எங்கள் பழைய தச்சர்களின் ஆயுதம் உடைந்த கண்ணாடித் துண்டு. நேரான விளிம்புள்ள துண்டை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் சரித்து, மரத்தின் ஓட்டத்தோடு, அதாவது நார் ஓடுகிற திசையில், இழுத்தால் பூச்சு சுருள் சுருளாய் வரும். கைக்குத் தடித்த துணி சுற்றுங்கள். விளிம்பு மழுங்கினால் அழுத்தாமல் துண்டை மாற்றுங்கள். காஸ்ரிக் சோடா கரைத்து ஊற்றுகிற பழக்கமும் இருக்கிறது. அது மரத்தைக் கறுக்கப் பண்ணும், மூட்டுப் பசையைக் கரைக்கும், கண்ணில் பட்டால் கண் போகும். நான் பாவிப்பதில்லை.

முதிரையைத் தேய்க்கும்போது கட்டாயம் மூக்குக்கும் வாய்க்கும் முகமூடி போடுங்கள். அதன் தூள் பலருக்குத் தோலில் தடிப்பும் கடியும் கொண்டுவரும். எனக்கு முழங்கை மடிப்பில் இரண்டு கிழமை நின்றது.

சீவுளி போட முதல் காந்தம் பிடிச்சுப் பாக்கச் சொன்னீங்கள். ஏன்?

வன்னி மரமாச்சே. காட்டில் நின்ற மரத்துக்குள்ளும் ஷெல் துண்டு, வீட்டில் நின்ற அலுமாரிக்குள்ளும் ஷெல் துண்டு. மர ஆலைக்காரரைக் கேட்டால் எத்தனை வாள் பல்லுப் போனது என்று சொல்லுவார்கள். பழுதான ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் போதும். ஒரு நூலில் கட்டி மேற்பரப்பை ஒட்டி மெதுவாக அசைத்துக்கொண்டு போங்கள், இரும்பு இருக்கிற இடத்தில் இழுபடும். ஷெல் துண்டுகள் பெரும்பாலும் இரும்பு என்பதால் பிடித்துவிடும். துவக்குச் சன்னம் ஈயமும் செம்பும் மட்டும் என்றால் பிடிக்காது. அதனால் மூடிப்போன சிறு துளை, அதைச் சுற்றி நீலக்கறுப்புப் படர்வு தெரிகிறதா என்று கண்ணாலும் தேடுங்கள். இரும்பு துருப்பிடித்து மரத்தின் துவர்ப்போடு சேர்ந்த கறை அது.

புதுக்குடியிருப்பில் இருந்து வந்த பாலைப் பெட்டகம் ஒன்று. நான் காந்தம் பிடிக்கப் பழகமுந்தியது. மூடியில் இரண்டாவது இழுவையில் சீவுளி கிறீச்சிட்டது, அலகில் அரிசியளவு பல்லு விழுந்தது. நகத்தளவு இரும்பு, ஓரமெல்லாம் கிழிந்து முறுகி, மரத்துக்குள் சாய்வாக இருந்தது. எடுத்து நிரப்பட்டுமா என்று சொந்தக்கார அம்மாவைக் கேட்டேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "கையிலை குத்தாமல் மட்டமாக்கி விடு மோனை, அது கிடக்கட்டும்" என்றார். அரத்தால் மட்டமாக்கி, துருவைத் தேய்த்து, மேலே பொலிஷ் போட்டேன். இன்னும் மூடியில் இருக்கிறது.

எடுப்பதா விடுவதா என்பது சொந்தக்காரரின் விருப்பம், தச்சனுடையது இல்லை. எடுப்பதென்றால் அந்த இடத்தைச் சதுரமாகவோ வைர வடிவிலோ உளியால் வெட்டி, அதே மரத்தில், அதே ஓட்டத்தில் ஒரு துண்டு செதுக்கிப் பதியுங்கள். பேஸ்ட் அப்பினால் நாலு மாரிக்குள் உதிரும்.

துண்டா, முழுக் குண்டா, வெடிக்காத ரவையா என்று சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம். அப்படியே விட்டுவிட்டுப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றுகிறவர்களுக்கோ அறிவியுங்கள். நிலத்தில் புதைத்து வைத்து எடுத்த பெட்டிகளுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

வெள்ளத்துக்குள் நிண்டது, அல்லது மண்ணுக்குள்ளே இருந்து எடுத்தது. காப்பாத்தலாமோ?

கட்டைமரம் என்றால் அநேகமாக ஆம். 2018 மார்கழி வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவில் இருந்து எத்தனையோ அலுமாரி பார்த்தாயிற்று. கெட்டுப்போனவற்றில் பாதியை வெள்ளம் கெடுக்கவில்லை, அடுத்த நாள் வெயில்தான் கெடுத்தது. நனைந்த மரத்தை முற்றத்து வெயிலில் வைத்தால் வெளித்தோல் சுருங்க, உள் ஊறியபடி நிற்க, பிளக்கும்.

முதலில் நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவுங்கள். காய்ந்த சேறு பிறகு மணல் போலக் கீறும். லாச்சிகள் இழுபட்டால் எடுங்கள், இழுபடாவிட்டால் பலவந்தம் பண்ணாதீர்கள், காயத் தானாக வரும். முதுகுப் பலகையைக் கழற்றி, நிழலில், நாலு செங்கல்லின்மேல், காற்றோட்டமாக வையுங்கள். பாலைக்கு இரண்டு மூன்று மாதம் கூட எடுக்கலாம். வெள்ளைப் பூஞ்சணம் வந்தால் வினாகிரி தொட்டுத் துடையுங்கள்.

2008, 2009 இல் உழவு மெசின் பெட்டியில் இடம் இடமாய் ஏறி இறங்கிய தளபாடத்துக்கு வேறு நோய், மூட்டுகள் ஆட்டங்கண்டிருக்கும். விட்டுப்போய் கூரையில்லாத வீட்டில் இரண்டு மூன்று மாரி நின்றவை மேலே சாம்பல் நிறத்தில் உயிரில்லாததுபோல் தெரியும். பயப்படாதீர்கள். அந்தச் சாம்பல் மெல்லிய தோல்தான், சீவினால் கீழே நல்ல மரம். ஊசியால் குத்திப் பாருங்கள். ஊசி நிற்கிற இடம் சரி, புதைகிற இடம் உக்கியது.

சிப்போட் அலுமாரிக்கு வெள்ளம் பட்டால் கதை முடிந்தது. அது ஊதிய பிஸ்கட். பிணைச்சல், பூட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுங்கள்.

மாவு மாவாய்க் கொட்டுது. கறையானோ?

கறையான் மாவு கொட்டாது, மண் வழி போடும். மாவு கொட்டுவது உளு, மரம் தின்னும் சின்னப் பூச்சி. ஊசித் துளை, கீழே பவுடர் போலத் தூள். மரத்தின் வெளிறுப் பகுதியை, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரத்தைத்தான் அது தின்னும். நடுவில் உள்ள வைரத்துக்குள் அநேகமாகப் போகாது. அதனால் வெளிறை வெட்டி எறிந்து வைரத்தில் ஒட்டுப்போடுவதே நிரந்தர வைத்தியம்.

துளை இருந்தால் உயிருள்ள உளு இருக்கிறது என்று அர்த்தமில்லை. தூளைத் துடைத்து, கீழே கறுப்புத் துணி விரித்து ஒரு மாதம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால்தான் வேலை. சின்னச் சாமானைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி டீப் ஃபிறீசரில் இரண்டு கிழமை வைத்தால் முட்டையும் சாகும். பெரியவற்றுக்குப் போராக்ஸும் போரிக் அசிட்டும் சுடுதண்ணீரில் கரைத்து, பூச்சில்லாத வெறும் மரத்தில் இரண்டு மூன்று தரம் பூசுங்கள். பெயின்றுக்கு மேல் பூசினால் பயனில்லை. கழிவு ஒயில் வேலிக் கட்டைக்குச் சரி, படுக்கிற அறைக்குள் வேண்டாம். மணமும் போகாது, பின்னர் எந்தப் பூச்சும் அதில் பிடியாது.

கதிரை ஆடுது. ஆணி அடிச்சால் காணாதோ?

ஆணி அடித்த கதிரையைத்தான் பிறகு என்னிடம் கொண்டு வருகிறீர்கள். ஆணி கழுந்தை, அதாவது மூட்டுத் துளைக்குள் செருகியிருக்கிற மர முனையை, பிளக்கும். மூட்டைக் கழற்றிப் பழைய பசையை முழுக்க எடுக்க வேண்டும். பழங்காலத்து வச்சிரப் பசை என்றால் இளஞ்சூட்டு வினாகிரிக்கு இளகும். பசைக்கு மேல் பசை பிடிக்காது, மரத்தில்தான் பிடிக்கும். கழுந்து தேய்ந்திருந்தால் மெல்லிய மரச்சீவல் ஒட்டித் தடிப்பாக்குங்கள். வெள்ளைப் பசை பூசிப் பொருத்தி, நாலு காலையும் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு தடி செருகி முறுக்குங்கள். கிளாம்ப் வாங்கத் தேவையில்லை. ஒரு நாள் முழுக்க விடுங்கள். சமதரையில் வைத்து நாலு காலும் படுகிறதா என்று பசை காயமுன் பார்க்க மறக்காதீர்கள்.

மேசையில் தேத்தண்ணிக் கோப்பை வட்டம்.

வெள்ளை வட்டம் பூச்சுக்குள் மட்டும் நிற்கிற ஈரம். ஸ்பிரிட் மிகக் கொஞ்சம் தொட்ட துணியை ஒரே வீச்சில் மேலால் கொண்டுபோங்கள், அழுத்தாமல். கறுப்பு வட்டம் மரத்துக்குள் போனது. பூச்சை எடுத்துவிட்டு ஒக்ஸாலிக் அசிட் கரைசல், லீற்றருக்கு 50 முதல் 100 கிராம். பூசி, காயவிட்டு, இரண்டு தரம் தண்ணீரால் துடைக்க வேண்டும். அது நஞ்சு. கையுறை போடுங்கள், மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள்.

பிரெஞ்ச் பொலிஷ் வீட்டில் போட ஏலுமோ?

ஏலும், பொறுமை இருந்தால். ஒரு லீற்றர் ஸ்பிரிட்டில் 200 முதல் 250 கிராம் அரக்குச் சருகு போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள், இடைக்கிடை குலுக்குங்கள், துணியில் வடியுங்கள். பஞ்சைப் பழைய பருத்தித் துணியில் பொட்டலியாகக் கட்டி, அரக்கை உள்ளே ஊற்றி, பிழிந்து, மரத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். ஒரு இடத்தில் நின்றால் ஒட்டிப் பிடுங்கும். இழுபட்டால் பொட்டலியின் முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய். முதல் நாலைந்து பூச்சு ஒன்றுமே தெரியாது, மனம் விட்டுப்போகும். எட்டாவது பூச்சில் திடீரென்று ஆழம் வரும். கரைத்த அரக்கை ஆறு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள், காயாமல் பிசுபிசுக்கும்.

சூட்டுக்கும் தண்ணீருக்கும் அரக்கு தாங்காது. சாப்பாட்டு மேசைக்குப் பொலியூரித்தேன் போடுங்கள்.

எந்த மாதம் பூசினால் நல்லது?

மாசி, பங்குனி. மாரிக் காலத்தில் காற்றில் ஈரம் கூட, அரக்கும் லக்கரும் பால்போல் வெளுக்கும், எனமல் நாலு நாளைக்கும் காயாது. வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பினால் கிரவல் றோட்டுப் புழுதி முழுக்க ஈரப் பூச்சில் வந்து குந்தும். அந்த மாதங்களில் பூசத்தான் வேண்டுமென்றால் விடிய எழும்பி, காற்றுக் கிளம்பமுன், நிலத்துக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பூசுங்கள்.

பெயின்ற் அடிக்கிற ஒழுங்கு என்ன?

தேய்ப்பு 80, 120, 180, 240 என்று படிப்படியாக, மரத்தின் ஓட்டத்தோடு. பிறகு தூள் துடைப்பு, பிரைமர், லேசான தேய்ப்பு, இரண்டு மெல்லிய பூச்சு. தடிப்பாக ஒரு பூச்சு அடித்தால் மேலே தோல் பிடித்து உள்ளே பச்சையாக நிற்கும். பழைய எனமல் உறுதியாகப் பிடித்திருந்தால் முழுக்க எடுக்கத் தேவையில்லை, மினுக்கம் போகும்வரை தேய்த்தால் போதும்.

வெள்ளை அடிச்சன், ரண்டு கிழமையில் மஞ்சள் கறை மேலே வந்திட்டுது.

மரத்தின் துவர்ப்பு ஊறி வருகிறது. இன்னும் பத்துப் பூச்சு அடித்தாலும் வரும். கறை வந்த இடத்தில் அரக்கு இரண்டு பூச்சுப் போட்டு அடைத்துவிட்டு மேலே அடியுங்கள்.

சாமிப்படச் சட்டம், நகைப்பெட்டி, மரக்குதிரை போன்ற சின்னச் சாமான்?

சின்னதற்குச் சாண்ட் பேப்பர் எதிரி. செதுக்கல் மழுங்கிப்போகும். பழைய பல் துலக்கும் பிரஷும் சவர்க்காரத் தண்ணீரும், மூலைக்கு மூங்கில் ஈர்க்கும் போதும். சட்டத்தில் பொன்னிறத் தாள் ஒட்டியிருந்தால் ஈரமே படக்கூடாது, காய்ந்த மெல்லிய பிரஷ் மட்டும். சட்டத்தைத் திருத்தமுன் படத்தை வெளியில் எடுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், கண்ணாடியோடேயே விடுங்கள். பித்தளைக் குமிழுக்கும் பூட்டுக்கும் பழப்புளி, ஆனால் கழற்றி எடுத்து. மரத்தில் வைத்தே தேய்த்தால் சுற்றிவரக் கறை. பிள்ளைகள் வாயில் வைக்கிற விளையாட்டுச் சாமானுக்கு ஈயமில்லாதது என்று வாளியில் எழுதியிருக்கிற நீர்ப் பெயின்ற் மட்டும்.

கோயில் வாகனத்துக்குப் பெயின்ற் அடிச்சுத் தருவீங்களோ?

மாட்டேன். மூட்டு இறுக்குவேன், உளுப் பார்ப்பேன். வர்ணமும் கண்ணும் அதற்குரிய கலைஞர் செய்ய வேண்டியது. கடையில் வாங்கிய பளபளா எனமலை மயிலின் கழுத்துக்கு அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கே வயிறு எரிகிறது.

உடைஞ்ச காலுக்குப் பாலையோ முதிரையோ எங்கை எடுக்கிறது?

காட்டில் வெட்டி எடுக்கக் கிளம்பாதீர்கள். வெட்டவும் ஏற்றவும் வன இலாகா அனுமதி வேண்டும். உடைத்த பழைய வீட்டு நிலை, ஜன்னல் சட்டம், தேறாத கட்டில் கால்தான் என் காடு. பழைய மரத்துக்குப் பழைய மரம்தான் நிறத்திலும் சேரும், புதுமரம் போல் சுருங்கவும் மாட்டாது.

வேலை முடிஞ்சு எண்ணெய்த் துணியை என்ன செய்யிறது?

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வன்னி வெயிலில், தகரக் கொட்டிலில், மரத்தூளுக்குப் பக்கத்தில். விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளிக்குள் போடுங்கள்.

ஒரு கதிரைக்கு எத்தினை நாள்?

கை வேலை இரண்டு நாள், காய்வது பத்து நாள். ஐப்பசியில் கொண்டு வந்து கார்த்திகைக் கலியாணத்துக்குக் கேட்டால் தரமாட்டேன், தை பிறந்த பிறகு வாருங்கள்.